நடுங்காத கோடு

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, மேலிருந்து எண்ணினால் பதினேழாவது வளைவில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றுபோனது. உள்ளே செல்லக்கிளி என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இருபத்தாறு வயது. முந்தைய நாள் குழந்தை பிறந்து, இரத்தப்போக்கு நிற்காமல், பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். ஐம்பது நிமிடம் கழித்து வேறு வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. மலையடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது அவள் உயிர் போய்விட்டது.

ஆம்புலன்ஸை ஓட்டியவர் ஏசுவடியான். அந்தப் பாதையில் பத்தொன்பது வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். "வண்டி தானா நின்னுச்சு சார்" என்றார் அவர்.

வண்டி வேறு மாதிரி சொன்னது.

வண்டிகளின் பதிவேட்டைச் சாட்சியமாக ஏற்கும் சட்டம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் இருநூறுக்கு மேல் சென்சார்கள். வண்டி எங்காவது நின்றால், அவை சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஏன் நின்றோம் என்று வண்டியே ஒரு வரி எழுதிவிடும். முன்பெல்லாம் ஒரு விபத்தை விசாரிக்க மாதக்கணக்காகும். இப்போது ஐந்து நிமிடம். பொள்ளாச்சி வட்டாரத்தின் மோட்டார் வாகன ஆய்வாளரான எனக்கு அந்தச் சட்டம் வந்தபோது இருந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. மனிதர்கள் பயத்தில் எதையாவது சொல்வார்கள். வண்டிக்குப் பயம் கிடையாது என்று நினைத்தேன்.

அந்த ஆம்புலன்ஸ் எழுதியிருந்த வரி இதுதான்: 'எரிபொருள் அழுத்தம் இயல்பு. பம்ப் இயல்பு. காரணம்: ஓட்டுநர் நிறுத்தம்.'

அதாவது, ஸ்டார்ட் செய்யவும் அணைக்கவும் இருக்கும் ஒரே பட்டனை ஓட்டுநரே அழுத்தி எஞ்சினை அணைத்திருக்கிறார். செல்லக்கிளியின் கணவன் அய்யாத்துரை அன்று வண்டியில் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன். அவனும் அதையே சொன்னான். "அவரு பட்டன அமுக்குனத என் ரெண்டு கண்ணால பாத்தேன் அய்யா. திரும்பத் திரும்ப அமுக்குனாரு."

"நின்னதுக்கு அப்புறம்தான் அமுக்குனேன். மறுபடி ஸ்டார்ட் பண்ண அமுக்காம என்ன சார் செய்வேன்?" என்றார் ஏசுவடியான்.

நாங்கள் வண்டியைப் பொள்ளாச்சிக்கு இழுத்து வந்து, டேங்க்கை நிரப்பி, மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. 'கோளாறு இல்லை' என்று சான்றில் கையெழுத்துப் போட்டேன். ஏசுவடியானின் உரிமம் முடக்கப்பட்டது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக அவர் மேல் வழக்குப் பதிவானது.

சட்டம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. முப்பது நாளுக்குள் வெளியாள் ஒருவரை வைத்து வண்டியை மறுபடி சோதிக்கலாம். ஆய்வாளரும் தயாரிப்பாளரின் பொறியாளரும் கூட இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சங்கத்தார் ரஹ்மத்நிஷாவிடம் போனார்கள்.

ரஹ்மத்நிஷாவின் ஒர்க் ஷாப் கோட்டூர் ரோட்டில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருந்தது. பாலிடெக்னிக்கில் பன்னிரண்டு வருடம் பாடம் எடுத்துவிட்டு, அதை விட்டுவிட்டு வந்தவர். நாற்பத்தெட்டு வயது. அவரிடம் சர்வீஸுக்கோ டயர் மாற்றவோ யாரும் வரமாட்டார்கள். மற்ற எல்லோரும் 'கோளாறு இல்லை' என்று திருப்பி அனுப்பிய வண்டிகள் மட்டும்தான் அங்கே வரும். அப்படி நான் சான்று கொடுத்த வண்டிகளும் சில அங்கே போயிருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

மறுசோதனைக்கு நாங்கள் போனபோது ஆம்புலன்ஸ் ஒர்க் ஷாப் நடுவில் நின்றிருந்தது. ரஹ்மத்நிஷா அதன் பக்கமே போகவில்லை. ஏசுவடியானை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, டீ கொடுத்து, எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணா, அன்னைக்கு டேங்க்குல எவ்வளவு இருந்துச்சுங்க?"

"கால் டேங்க் இருக்கும்மா. கீழ எறங்கத் தாராளம்."

"நிக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

ஏசுவடியான் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனம் அந்த வளைவுக்குத் திரும்பிப் போனது முகத்தில் தெரிந்தது.

"பின்னாடி, டேங்க் பக்கத்துலருந்து ஒரு சத்தம். காலியான டம்ளர்ல ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா வருமில்ல... அப்படி. அந்தப் பிள்ள வலியில முனகிக்கிட்டிருந்துச்சா, அதுக்கு நடுவுல கேட்டுச்சு. அப்புறம் எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுருச்சு."

"இத யார்கிட்டயும் சொல்லலீங்களா?"

"யாரும் கேக்கலையேம்மா."

என்னைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. இருந்தாலும் நான் கையிலிருந்த கோப்பைப் புரட்டத் தொடங்கினேன்.

தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் ஸ்ரீவத்சன் பதிவேட்டைத் திரையில் விரித்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். நிதானமானவர், மரியாதையாகப் பேசுபவர். எரிபொருள் அழுத்தத்தின் கோடு திரையில் இடமிருந்து வலமாக ஓடியது. ரஹ்மத்நிஷா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"பின்னாடி போங்க தம்பி. இன்னும். இன்னும் ஒரு வாரம் பின்னாடி."

விபத்துக்கு இருபத்தொரு நாள் முன்பு வரை போனதும் "நிறுத்துங்க" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தத் தேதிக்கு முன்னாடி கோட்டப் பாருங்க. அப்புறம் இங்க பாருங்க. என்ன வித்தியாசம்?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டும் ஒரே உயரத்தில்தான் போயின.

"முன்னாடி இருக்கற கோடு நடுங்குதுங்க. ரோட்டுல ஒரு பள்ளம் வந்தா, பம்ப் சுத்தற வேகம் ஒரு பொட்டு மாறினா, நெஜ சென்சார் லேசா தடுமாறும். இருபத்தொரு நாளா இந்தக் கோடு நடுங்கவே இல்ல. வால்பாறை ரோட்டுல ஓடுன வண்டிங்க இது! இவ்வளவு சுத்தமா இருக்க முடியாது. இத யாரோ கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க."

அவர் எழுந்து போய் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருளைக் கழற்றி, அது இருந்த துளையை அடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, அதைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஒயர் முனை பச்சைப் பாசி பிடித்ததுபோல் அரித்திருந்தது.

"இதுதான் அழுத்தம் பாக்கற சென்சார். மலைமேல பனியும் மழையும் ஓயாது. அதுல அரிச்சுப்போய் அன்னைக்கே செத்துருச்சு. இப்ப ஒயரையும் கழட்டிட்டேன். திரைய பாருங்க."

திரையில் எரிபொருள் அழுத்தம் மூன்றரை என்று காட்டிக்கொண்டிருந்தது. இயல்பு.

சென்சார் என் கையில் இருந்தது. வண்டி இன்னும் அதைப் படித்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீவத்சன் திரையிலிருந்து திரும்பினார். "இது ஒளிச்சு வெச்ச விஷயம் இல்ல மேடம். ஒரு சென்சார் போச்சுன்னா, மத்த சென்சார்களை வெச்சு அது என்ன காட்டியிருக்கும்னு சிஸ்டமே ஊகிச்சு நிரப்பிக்கும். ஒரு சின்ன சென்சாருக்காக வண்டி நடுரோட்டுல நிக்கக் கூடாதில்லையா? இதனால எத்தனையோ பேர் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்திருக்காங்க."

"நல்ல ஏற்பாடுதானுங்க தம்பி. நான் குத்தம் சொல்லல. ஆனா அளந்து எழுதுனது எது, ஊகிச்சு எழுதுனது எதுன்னு பதிவேட்டுல எங்கயாச்சும் குறிச்சிருக்கா?"

ஸ்ரீவத்சன் பதிவேட்டை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"அழுத்தம் சரியா இருந்துச்சுன்னு ஊகிச்சுக்கிச்சு. அழுத்தம் சரி, பம்ப் சரின்னா மிச்சம் இருக்கறது அண்ணனோட விரல்தான். அத எழுதிருச்சு."

"ஆனா இது சென்சார் செத்ததைத்தான் காட்டுது மேடம். வண்டி ஏன் நின்னுச்சுன்னு காட்டலையே? எரிபொருள் உண்மையாவே சரியா வந்திருக்கலாம். அவரே அணைச்சிருக்கவும் செய்யலாம்."

அவர் சொன்னது நியாயம். ரஹ்மத்நிஷாவும் அதை மறுக்கவில்லை. "அதுக்கு மலைக்குப் போகணும்" என்றார். "நீங்க டேங்க்க ரொப்பிட்டு சமதரையில ஓட்டுனீங்க. நோயாளிய எழுப்பி உக்கார வெச்சு, சாப்பாடு போட்டுட்டு, மயக்கம் வருதான்னு கேட்ட மாதிரிங்க அது. அதே பாரம், அதே கால் டேங்க், அதே இறக்கம் வேணும்."

இரண்டு நாள் கழித்து வால்பாறையில் கூடினோம். ரஹ்மத்நிஷா எரிபொருள் குழாயிலிருந்து தடித்த ரப்பர் குழாய் ஒன்றை வெளியே எடுத்து, அதன் முனையில் அழுத்தம் காட்டும், முள் வைத்த பழைய கேஜ் ஒன்றை மாட்டி, முன் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. வண்டியின் மூளையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எரிபொருள் தள்ளினால் முள் ஏறும், தள்ளாவிட்டால் இறங்கும். அவ்வளவுதான்.

அய்யாத்துரையையும் அவர் வரச் சொல்லியிருந்தார். அவன் வந்து தனியாக நின்றான். ஏசுவடியான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. "அன்னைக்கு உக்காந்த எடத்துலயே உக்காருங்க தம்பி. நீங்க பாத்தது பொய்யின்னு நான் சொல்லல. இன்னொரு தடவ பாருங்க, அது போதும்" என்றார் ரஹ்மத்நிஷா. செல்லக்கிளி படுத்திருந்த ஸ்ட்ரெச்சரில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அய்யாத்துரை அவற்றைப் பார்த்துவிட்டு, தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.

ஏசுவடியானின் உரிமம் முடங்கியிருந்ததால் அவர் ஓட்ட முடியாது. சோதிப்பவர் ஓட்டக் கூடாது என்பதும் விதி. ஸ்ரீவத்சன் திரையைக் கவனிக்க வேண்டும். மிஞ்சியது நான்தான்.

பத்தாவது வளைவு வரை எதுவும் ஆகவில்லை. கேஜின் முள் மூன்றரையில் லேசாக நடுங்கியபடி நின்றது. பன்னிரண்டு, பதினான்கு. பதினேழாவது வளைவு வந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னால் அய்யாத்துரை, "இங்கதான் நின்னுச்சு. இப்ப நிக்கலையே" என்றான். அவன் குரலில் வெற்றி எதுவும் இல்லை. ரஹ்மத்நிஷாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது வளைவு மற்றவற்றைவிடச் செங்குத்து. வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கிச் சாய, நான் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. காலி டம்ளரை உறிஞ்சுகிற சத்தம்.

கண்ணாடிக்கு வெளியே முள் சடாரென்று விழுந்தது. திரையில் மூன்றரை. எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்தது.

அணைந்ததும் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக் கட்டையாகிவிட்டது. எதிரே பள்ளமும் ஒரு இடுப்பளவுச் சுவரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அடுத்து என்ன செய்தேன் என்பதை நான் உணரவேயில்லை. கை தானாகப் போய்ப் பட்டனை அழுத்தியது. மறுபடி. மறுபடி.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க தம்பி" என்றார் ரஹ்மத்நிஷா.

ஸ்ரீவத்சன் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "எரிபொருள் அழுத்தம் இயல்பு. பம்ப் இயல்பு. காரணம்... ஓட்டுநர் நிறுத்தம்."

"ஓட்டுநர் யாருங்க?"

"சார்தான்."

நான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன்.  ஆறு வருடமாக எந்தச் சாட்சியை நம்பினேனோ, அது என் பெயரில் குற்றம் எழுதியிருந்தது.

பின்னால் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அய்யாத்துரை கீழே இறங்கினான். எங்கள் பின்னால் ஜீப்பில் வந்துகொண்டிருந்த ஏசுவடியான் ஓடிவந்து அவனருகில் நின்றார். அய்யாத்துரை அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நீங்களும் இப்படித்தான் அமுக்குனீங்களா?" என்றான்.

"ஆமாப்பா. ஸ்டார்ட் ஆகிராதான்னுதான்..."

"கிளி கேட்டா. 'அண்ணன் என்ன செய்யுது'ன்னு கேட்டா. அணைச்சிட்டாருன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லிட்டேன் அண்ணே அவகிட்ட."

ஏசுவடியான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ரஹ்மத்நிஷா அவர்கள் பக்கம் போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. பாதி வழியில் நின்ற வண்டிக்குப் பின்னால் மற்ற வண்டிகள் சேரத் தொடங்கின. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

மறுநாள் ஒர்க் ஷாப்பில் டேங்க்கைக் கழற்றினார்கள். எரிபொருள் பம்ப் ஒரு சிறிய கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் அந்தக் கிண்ணத்தில் எரிபொருள் தேங்கியிருக்க வேண்டும். அதன் அடிவாயில் இருக்கும் ரப்பர் மூடி, எத்தனால் கலந்த எரிபொருளில் ஊறி ஊறிப் பிசினாகி, பாதி திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. டேங்க் நிறைந்திருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. குறைவாக இருந்து, நீண்ட இறக்கத்தில் மூக்கு கீழே சாய்ந்து, கூடவே வளைந்தால், கிண்ணம் காலியாகிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும்.

விரல் நகம் அளவு ரப்பர். ரஹ்மத்நிஷா அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியும் என்று எதிர்பார்த்தேன். "சென்சார் உயிரோட இருந்திருந்தா ஒரு வாரத்துக்கு முன்னாடியே விளக்கு எரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவரிடம் பிடித்துப்போனது கெட்டிக்காரத்தனம் இல்லை. இருநூறு சென்சார்கள் ஒரே குரலில் சொன்ன பிறகும், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் 'என்ன சத்தம் கேட்டுச்சு' என்று கேட்கத் தோன்றியதே, அதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.

ஏசுவடியான் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது. ஸ்ரீவத்சன் தன் நிறுவனத்துக்கு நாற்பது பக்க அறிக்கை எழுதினார். ஊகித்து நிரப்பிய மதிப்புகளைப் பதிவேட்டில் தனி நிறத்தில் காட்ட வேண்டும் என்று அடுத்த ஆண்டு விதி வந்தது. அந்த அறிக்கையால் அவருக்கு அங்கே வேலை போனது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ரஹ்மத்நிஷா பெயர் பத்திரிகைகளில் வந்தது. யாரோ பாராட்டு விழா நடத்தக் கூப்பிட்டார்கள். வேலை கிடக்கிறது என்று அவர் போகவில்லை.

அந்த விதி வந்த வாரம் நான் அலுவலகத்தின் பழைய கோப்புகளை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வழக்குக்கு முந்தைய ஆறு வருடத்தில் 'ஓட்டுநர் நிறுத்தம்' என்ற வரியை நம்பி நான் கையெழுத்திட்டவை பதினான்கு. வண்டிகள் பெரும்பாலும் பழைய இரும்புக்கு உடைக்கப்பட்டுவிட்டன. பதிவேடுகள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு கோட்டூர் ரோட்டுக்குப் போனேன். இதற்கு அவர் எவ்வளவு காலம் எடுப்பாரோ என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு மதியத்தில் முடித்துவிட்டார்.

"அஞ்சுல கோடு நடுங்குதுங்க. அவங்க நெஜமாவே அணைச்சிருக்காங்க. ஒம்பதுல நடுங்கல. அதுல வண்டி எழுதுனது வெறும் ஊகமுங்க."

ஒன்பது. நான் அந்தத் தாள்களை எடுத்துத் தனியாக அடுக்கினேன்.

"மேலதிகாரிக்கு எழுதி அனுப்பிடறேன்" என்றேன். "அவங்க முறைப்படி கடிதம் போடுவாங்க."

ரஹ்மத்நிஷா கையைத் துணியில் துடைத்தார். "கடிதம் வர்றப்ப வரட்டுங்க. மொதல்ல நீங்க நேர்ல போயிட்டு வாங்க சார். அவங்க சொன்னத விட்டுட்டு வண்டி சொன்னத எழுதுனது நீங்கதானுங்களே."

அவர் குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே மறுக்க முடியவில்லை.

முதல் பெயர் ராக்கியப்பன். குண்டடத்துக்காரர், சரக்கு வேன் ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன்பு அவர் வேன் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்று, பின்னால் வந்த பஸ் மோதி, பஸ்ஸில் மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்திருந்தார். இப்போது ஒரு தென்னை நார்க் களத்தில் வேலை. நான் போன காலையில் வெயிலில் நாரை உதறிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சென்சார், ஊகம், நடுங்காத கோடு. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. 

"தானா நின்னுச்சுன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே" என்றார் கடைசியில்.

"ஆமாங்க. சொன்னீங்க. நான் எழுதல."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் நாரின் தூசியைத் தலையிலிருந்து தட்டிவிட்டார்.

"பஸ்ல செத்தாங்களே, அவங்க ஊட்டுக்கு இது தெரியுங்களா?"

"இன்னும் இல்லீங்க. துறையிலிருந்து தகவல் போகும்."

"துறையெல்லாம் வேண்டாமுங்க." அவர் வேலியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "மூணு ஊடும் எனக்குத் தெரியும். வெளிய வந்ததுலருந்து வருசா வருசம் அந்த நாள்ல போவேன். தெருமுனை வரைக்கும் போயிட்டு, உள்ள போகத் தைரியமில்லாம திரும்பிருவேன். அணைச்சனோ என்னமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. அத்தன பேரு சொன்னாங்களே."

பித்தானைப் போட்டுவிட்டு என் ஜீப்பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"வாங்க, போலாம். இன்னைக்கு உள்ள போயிரலாம்."